தொண்டிக்கு மூன்று வழிகள்

"மூன்றாம் வழி," என்று சாத்தப்பன் உரக்க வாசித்தார். "திருவாடானை வரைக்கும் பஸ். வண்டிகளை மேலே கட்டிக்கொள்ள வேண்டியது. அங்கிருந்து தொண்டிக்குக் கடைசி எட்டு மைல் மட்டும் சைக்கிள். வயசானவர்கள், புதிதாகப் பழகினவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள்."

நான்கு பெயர்களைச் சொன்னார். கொஞ்சம் தயங்கி ஐந்தாவது பெயரைச் சொன்னார். "சூசை வாத்தியார். இருதய பலவீனம்."

ஹாலின் மூலையில் யாருடைய வண்டிக்கோ காற்று அடித்துக்கொண்டிருந்த சூசையின் கை பம்பிலேயே நின்றுவிட்டது. அடித்த காற்று வால்வு வழியே சீறிக்கொண்டு வெளியே போனது. அதை மூடவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. புது ரப்பர் வாசனையும் சாத்தப்பன் வீட்டுக் காப்பி வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. பத்துப் பதினைந்து பேர் இருந்த அந்த ஹாலில் சூசையைத் திரும்பிப் பார்க்காதவர் இல்லை.

எனக்குத் தலைக்கு ஏறிய சூடு இன்னும் இறங்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதை ஆற்றிக்கொள்ளவும் நான் இதை எழுதவில்லை.

வழி வகுத்தது எப்படி

நான் அப்போது ஜில்லா போர்டில் ரோடு ஓவர்சீயர். காரைக்குடியிலிருந்து கடற்கரை வரையில் எந்த ரோட்டில் சரளை, எந்த ரோட்டில் வெறும் செம்மண், எந்த இடத்தில் காட்டாற்று மணல் சக்கரத்தை விழுங்கும் என்பதெல்லாம் எனக்கு என் வீட்டு அறைகளைப் போலத் தெரியும். நிழல் உள்ள மரம், குடிக்கக்கூடிய தண்ணீர் உள்ள கிணறு, உப்புக் கரிக்கும் கிணறு எல்லாம் குறித்து வைப்பேன். குறித்து வைக்காத நாள் எனக்குத் தூக்கம் வராத நாள்.

அதனால்தான் சைக்கிள் சங்கம் தொண்டிக்குப் போவது என்று தீர்மானித்ததும் வழி வகுக்கும் வேலை என்னிடம் வந்தது. எல்லாரையும் ஒரே ரோட்டில் விரட்டினால் பாதிப் பேர் வழியில் விழுந்து கிடப்பார்கள். கால் பலத்துக்குத் தக்கபடி மூன்று வழிகள் போட்டேன்.

முதல் வழி நல்ல ஓட்டக்காரர்களுக்கு. தேவகோட்டை தாண்டியதும் பெரிய ரோட்டை விட்டுக் கிளை ரோட்டில் இறங்கி, கண்மாய்க் கரைகள், சிறு ஊர்கள், ஒரு காட்டாற்று மணல் எல்லாம் கடந்து போவது. தூரமும் அதிகம், பாடும் அதிகம். கடைசியில் பனங்காட்டைத் தாண்டும்போது கடல் திடீரென்று கண்ணில் படும். அந்த ஒரு காட்சிக்காகவே அதைச் சேர்த்தேன்.

இரண்டாம் வழி பெரிய ரோட்டோடு நேராகப் போவது. மூன்றாவதைத்தான் மேலே சாத்தப்பன் வாசித்தார்.

யாரை எந்த வழியில் விடுவது என்பதற்கு ஒரு பரீட்சையும் வைத்தேன். குன்றக்குடி வரை போய்த் திரும்பி வரவேண்டும். அதில் சூசை முதலாவதாக வந்தார். இரண்டாவது ஆள் வந்து சேர்வதற்குள் அவர் முகம் கழுவி, சட்டையை மாற்றி, ஒருவருடைய பஞ்சரையும் ஒட்டி முடித்திருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு இருதய பலவீனம்.

ஹாலுக்குள் பழகிய சவாரி

சாத்தப்பனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சங்கத் தலைவர். பர்மாவில், மோல்மேன் பட்டணத்தில் அவர்களுக்குக் கடை இருந்தது. அங்கிருந்து திரும்பும்போது சீமைச் சைக்கிள் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார். ரோட்டில் விழுந்தால் ஊர் சிரிக்குமே என்று, வீட்டுக் கல்யாண ஹாலுக்குள்ளேயே பழகினார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வழவழவென்று இருக்கும். தூண்களைச் சுற்றிச் சுற்றி ஒரு மாதம் ஓட்டினார். வீட்டு ஆச்சிகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்குட்டுத் தூணு இருக்கு, அப்பச்சி! இங்குட்டு வளைங்க!" என்று கூவுவார்களாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிக்க வைக்கத் தெரிந்த மனிதர்தான்.

அந்தப் பழக்கத்தில் அவருக்குச் சமதரையில் ஓட்ட வரும். மணல் கண்டால் இறங்கிவிடுவார். குன்றக்குடிப் பரீட்சையில் அவர் பாதியிலேயே மாட்டுவண்டி ஏறிவிட்டார். ஆனாலும் முதல் வழிக்காரர்களில் முதல் பெயர் அவருடையது. தலைவர் அல்லவா!

சூசையைச் சங்கத்தில் சேர்த்ததும் அவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் சூசை வாத்தியார். தேவகோட்டைப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர். பழைய இரும்புக் கடையில் கிடந்த துண்டு துண்டான பாகங்களைச் சேர்த்துத் தனக்கென்று ஒரு வண்டி செய்துகொண்டவர். "நம்ம சங்கத்துல சாதி கெடையாது" என்று சாத்தப்பன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சூசையைக் காட்டிச் சொல்வார். எல்லாரையும் போலச் சூசையையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். நான் அதை நம்பினேன். சூசையும் நம்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மனசு நோகாமல்

கூட்டம் கலைந்ததும் சாத்தப்பனைத் தனியே பிடித்தேன்.

"என்ன ஓவர்சீயர், முகம் இப்படிச் செவந்து கெடக்கு? காப்பி சாப்பிடலையா?"

"சூசைக்கு எந்த வைத்தியர் பார்த்து இருதய பலவீனம் என்று சொன்னார்?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொத வழியில ஒரு ஊர் வருதுல்ல? அந்தத் தெருவுல சூசை மாதிரி ஆளுக சைக்கிள்ல ஏறிப் போக முடியுமா? எறக்கிவிடுவாங்க. நமக்கு எதுக்கு வம்பு?"

"அப்படியென்றால் இரண்டாம் வழியில் போடலாமே?"

"ரெண்டாவதுல தேவகோட்டையில எங்க சம்பந்திக வீட்டுல பலகாரம் ஏற்பாடு ஆகியிருக்கு. பந்தியில எல்லாரும் ஒக்காரணும். அந்த வீட்டு ஆச்சி ஒத்துக்கிருவாகளா? அதான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இன்ன காரணம்னு சபையில சொன்னா அந்த மனுசனுக்கு எம்புட்டு வருத்தம்! மனசு நோகாமச் சொல்லிட்டேன். ஒடம்புக்கு முடியலைங்கிறதுல என்ன அவமானம்?"

தான் ஒரு பெரிய உபகாரம் செய்திருப்பதாகவே அவர் நினைத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். உபகாரத்தை என்ன செய்வது? கால் பலத்துக்கு என்று நான் வெயிலில் அலைந்து போட்ட வழிகளை, யாரை எங்கே ஒதுக்குவது என்பதற்கு நாகரிகமான ஒரு சாக்காக அவர் மாற்றிவிட்டார். அதைச் சொன்னேன். இதைவிடக் கடுமையான வார்த்தைகளில் சொன்னேன். அவர் வேலைக்காரனைக் கூப்பிட்டு எனக்கு இன்னொரு காப்பி கொண்டுவரச் சொன்னார்.

பஸ்ஸில் ஏறிய நோய்

காரைக்குடியில் காலையில் சொன்ன பேச்சு மத்தியான பஸ்ஸில் ஏறித் தொண்டிக்குப் போய்விடும். இதுவும் போயிற்று.

சூசைக்குத் தொண்டியில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் சவரிமுத்து, கொழும்புத் தோணிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவர். அவருடைய மூத்த மருமகன் நெஞ்சு நோயில் செத்துப்போனான். அந்தப் பெண் கைக்குழந்தையோடு தகப்பன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் 'சூசைக்கு இருதயத்தில் கோளாறாம், சங்கத்தில் பெரியவர்களே சொன்னார்களாம்' என்ற செய்தி நுழைந்தது.

பஸ் கண்டக்டரிடமே பதிலும் சொல்லியனுப்பினார் சவரிமுத்து. "ஒரு பொண்ணை நெஞ்சு நோய்க்குக் குடுத்தது போதும். வேற எடம் பாத்துக்கிரச் சொல்லுங்க."

நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது சூசை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார்.

"சாத்தப்பனிடம் நான் மறுபடி போகிறேன். சபையில் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவர் சொல்லியே ஆகவேண்டும்" என்றேன்.

"நானே போனேன்யா. காலையில. 'அதைத் தப்புன்னு சொன்னா, பெறகு எதுக்கு மூணாவதுல போட்டேன்னு கேப்பாங்களே சூசை, அதை எப்படி நான் என் வாயால சொல்றது'ங்கிறாரு."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"அதையே சொல்லுங்கன்னேன். பறையன், அதனால தெருவுல விட மாட்டாக, பந்தியில விட மாட்டாகன்னு சபையிலயே சொல்லுங்க. அது எனக்குப் பொறந்ததுலருந்து கேட்ட பேச்சு. அதைக் கேட்டு எங்க ஆளுகள்ல எந்தப் பொண்ணோட அப்பனும் சம்பந்தத்தை முறிக்க மாட்டான். இல்லாத நோவை எதுக்கு என் நெஞ்சுல வச்சீகன்னு கேட்டேன்."

"அதற்கு?"

"காப்பி சாப்பிடுறீகளான்னு கேட்டாரு. வெளி முத்தத்துல கொண்டாந்து குடுக்கச் சொல்றேன்னாரு."

சொல்லிவிட்டுச் சூசை சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"மொத வழியில தொண்டிக்கு வாரேன்னு மாமாவுக்குச் சொல்லியனுப்பிட்டேன்" என்றார். "கடக்கரையில வந்து நிக்கச் சொல்லியிருக்கேன். கண்ணால பாக்கட்டும். அதுக்கு மேல அவுக இஷ்டம்."

"அந்தத் தெரு?"

"எறங்கித்தான் போகணும். எங்க அப்பா அந்த ஊர்க்காரங்க வயல்லதான் வேலை செய்யிறாக. நான் ஏறிப் போயிட்டா, மறுநாள் அடி வாங்குறது அவுக."

"நானும் இறங்குகிறேன். முதல் வழிக்காரர்கள் எல்லாரையும் இறங்கச் சொல்கிறேன்."

"வேண்டாம்யா. அம்புட்டுப் பேரும் எறங்குனா அது ஊர்கோலம். நான் கல்யாணத்துக்குப் போறேன்."

தெரு

தை மாதக் கடைசி. விடியும்போதே புறப்பட்டோம். நானும் சூசையும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் போனோம். எதிர்க்காற்று. காட்டாற்று மணலில் சாத்தப்பன் வண்டியை விட்டு இறங்கி, ஒரு வைக்கோல் வண்டிக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தோம். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. சூசை அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மணலை ஏறி மிதித்தே கடந்தார்.

ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கண்மாய்த் தண்ணீரும் நெல்லும். தெரு வழியாகப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. தெரு முனையில் ஒரு புளியமரம். அதன் அடியில் கல்லில் நாலைந்து பேர். எங்களுக்கு முன்னால் சங்கத்துக்காரர்கள் மணி அடித்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"யார்றா அது, ஏறி வாரது? மாடசாமி மகன்தான?" என்றான் ஒருவன்.

சூசை இறங்கினார். செருப்பைக் கழற்றி ஹாண்டில் பாரில் மாட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஒவ்வொன்றையும், பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் செய்கிற காரியம் போல, வரிசையாகச் செய்தார். ஞானஸ்நானம் வாங்கி, பரீட்சை பாஸ் செய்து, அறுபது பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிற ஒரு மனிதர்.

நான் என் வண்டியை நிறுத்தினேன். "இது ஜில்லா போர்டு ரோடு. இந்தச் சரளையைப் போட்டவன் நான். இதில் யாரும் போகலாம்."

"சரளை போர்டுதுதான் ஓவர்சீயரய்யா" என்றார் வயதில் பெரியவர், மரியாதையாகவே. "தெரு எங்களுது. ஒங்களை யாரு என்ன சொன்னா? நீங்க பாட்டுக்கு ஏறிப் போங்க."

அந்த மரியாதை என் மேல் எச்சிலைப் போல விழுந்தது. பதிலுக்கு நான் வாயைத் திறப்பதற்குள் சூசை ஓடத் தொடங்கினார்.

ஆம், ஓடினார். வண்டியை ஒரு கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டு, வெறுங்காலோடு, தெருவின் நட்டநடுவே, முழு வேகத்தில். கோழிகள் சிதறின. ஒரு நாய் துரத்திப் பார்த்துவிட்டு நின்றுகொண்டது. தண்ணீர்க் குடத்தோடு வந்த ஒரு பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வண்டியின் செயின் கலகலவென்று அடித்துக்கொண்டது.

"டேய்! எதுக்குடா ஓடுற?" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

"ஏறித்தானய்யா போகக் கூடாது!" சூசை திரும்பாமலே கத்தினார். "ஓடக் கூடாதுன்னு சொல்லலையே!"

கல்லில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் தன்னை மீறிச் சிரித்துவிட்டான். "கழுதை, ஓடட்டும் விடுங்க."

"சிரிக்காத. அடுத்த தரம் அதுக்கும் ஒண்ணு சொல்லி வைக்கணும்" என்றார் பெரியவர்.

நான் ஏறவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். என்னால் ஓட முடியவில்லை. அது நான் போட்ட சரளை. கூர் மழுங்காத புதுச் சரளை. அதில் ஒரு மனிதன் வெறுங்காலோடு ஓடுவான் என்று எந்த எஸ்டிமேட்டிலும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. தெரு முடியும் இடத்தில், கடைசி வீட்டுக்கு அப்பால், அவர் வண்டியில் தாவி ஏறுவது தெரிந்தது. அங்கே கிணற்றடியில் இளைப்பாறிக்கொண்டிருந்த முதல் வழிக்காரர்களை அவர் கடந்து போனார். நிற்கவில்லை.

நான் அந்தக் கிணற்றடிக்குப் போனபோது அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "சூசை ஓடுனதைப் பாத்தீகளா? என்னா ஓட்டம்!" சங்கத்தில் இன்றைக்கும் இதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்கிறார்கள். கேட்கிறவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

கடற்கரை

நான் தொண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கருவாட்டு வாசனை. தோணிகளின் நிழலில் மூட்டைகள். சூசை வந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கீற்றுக் கொட்டகையின் கீழ் உட்கார்ந்து, இளநீர் குடித்துவிட்டு, கடல் தண்ணீரில் காலைக் கழுவியிருந்தார். பாதத்தில் கீறல்கள் சிவந்து தெரிந்தன. உப்பு எரிந்திருக்கும். கேட்டேன். "இல்லை" என்றார்.

வெகுநேரம் கழித்துத்தான் சாத்தப்பன் வைக்கோல் வண்டியில் வந்து இறங்கினார். இறங்கினதும் நேரே சூசையிடம் வந்து முதுகில் தட்டினார். "பாத்தீகளா? நம்ம சங்கத்து ஆளு! மொத ஆளா வந்துட்டாரு!" என்று கூடியிருந்த ஊர்க்காரர்களைப் பார்த்துச் சொன்னார். சூசை எழுந்து நின்றார். அந்தக் கை முதுகிலிருந்து எடுபடும் வரை காத்திருந்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சவரிமுத்து வந்தார். அகலமான தோள். தலையில் சும்மாடு கட்டிய துணி. சாத்தப்பன் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"வந்ததைப் பாத்தேன்" என்றார் சூசையிடம். "வேகமாத்தான் வந்தீக. ஆனா எங்க மூத்த மருமகனும் நல்லா நடமாடிக்கிட்டுத்தான் இருந்தாரு. ஒரு நாள் மூட்டையோட விழுந்தாரு. அதனால, தப்பா நெனைக்காதீக தம்பி. நான் தொட்டுப் பாக்கணும்."

சந்தையில் மாடு பிடிக்கிறவன் பார்ப்பதைப் போல, அத்தனை பேர் நடுவில். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது. அடிக்கவேண்டிய ஆள் ஒரு கையால் விசிறிக்கொண்டு இளநீருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தகப்பனைக் கோபித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பெற்றவனுக்கு இருந்த பயம் உண்மையான பயம்.

சூசை சட்டைப் பொத்தானைக் கழற்றினார். சவரிமுத்து தன் உள்ளங்கையை அவருடைய நெஞ்சின் மேல் வைத்தார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன பெரிய கை. சவரிமுத்தின் முகம் மெல்ல மாறியது.

"என்ன தம்பி இது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வந்து இம்புட்டு நேரம் ஆச்சு. இன்னும் இந்த அடி அடிக்குதே?"

சூசை சாத்தப்பனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. சவரிமுத்தின் முகத்தையே பார்த்துச் சொன்னார்.

"அது நோவு இல்லை மாமா. கோவம்."

சவரிமுத்து கையை எடுக்கவில்லை. குனிந்து சூசையின் கால்களைப் பார்த்தார். பாதத்தில் இருந்த கீறல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"அப்படின்னாச் சரி" என்றார். "அது எனக்கும் இருக்கு. அதனால யாரும் சாகலை."

பிறகு அவரே தன் கையால் சூசையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார்.